2.4 லீற்றர் ஹைலக்ஸ் பிக்கப்புக்குப் பெரிய டீசல் எஞ்சின்: 3எல், 5எல், 1கேஇசட் ஆகியவற்றில் எது பொருந்தும்?

கந்தப்பளை மரக்கறி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1991 ஆம் ஆண்டின் ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று இருக்கிறது. எல்என்85 வகை, பின்சில்லு மட்டும் இயங்குவது, நீண்ட பொடி, 2446 சிசி கொண்ட 2எல் எஞ்சின் (2எல், 3எல், 1கேஇசட் என்பவை ரொயோட்டா எஞ்சின் வகைகளின் பெயர்கள், லீற்றர் அளவு அல்ல), ஐந்து கியர். வாரத்தில் நான்கு நாட்கள் கந்தப்பளையிலும் நுவரெலியாவிலும் கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு றம்பொடை, புசல்லாவை, கம்பளை, கண்டி, மாத்தளை வழியாகத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகிறேன். திரும்பும்போது வெறும் பொடியோடு வந்தால் கட்டுப்படியாகாது என்பதால் உரமோ அரிசியோ ஏற்றி வருகிறேன். ஆகவே இறங்கும்போதும் சுமை, ஏறும்போதும் சுமை.

சிக்கல் ஏற்றத்தில்தான். புசல்லாவையைத் தாண்டியதும் மூன்றாவது கியர் இழுக்காது. றம்பொடை வளைவுகளில் இரண்டாவது கியரில் ஊர்ந்துதான் வர வேண்டும். வெப்பமானியின் முள் மேலே ஏறத் தொடங்கினால் வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். கடந்த மூன்று ஆண்டுகளில் ஹெட் கஸ்கெட் (எஞ்சினின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) இரண்டு தடவைகள் போய்விட்டது. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெண்புகையும் ஏற்றத்தில் கரும்புகையும் வருகின்றன.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு ஏறிய விலை, 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னரும் என்னைப் போன்றவரால் எட்டிப் பிடிக்கக்கூடியதாக இல்லை. வண்டியின் பொடியும் சசியும் துருவின்றி நன்றாக இருக்கின்றன. எனவே வண்டியை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்ற விரும்புகிறேன். ஒரு மெக்கானிக் 3எல் போடச் சொல்கிறார். இன்னொருவர் போடுவதென்றால் டேர்போ உள்ள 1கேஇசட் போட வேண்டும், மற்றதெல்லாம் வீண் செலவு என்கிறார். லேண்ட் குரூஸரின் 1எச்இசட் கூடப் போடலாம் என்று சொன்னவரும் உண்டு. இருக்கும் கியர் பொக்ஸ் தாங்குமா? வேறு எவற்றையெல்லாம் மாற்ற நேரிடும்? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள். இந்த வண்டி ஒரு வாரம் நின்றால் என் வீட்டில் ஒரு வாரம் வருமானம் இல்லை.

கம்பளை கராஜ் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் இருபத்தாறு ஆண்டுகளாக டீசல் எஞ்சின் வேலை செய்கிறேன், எல் வரிசை எஞ்சின்களைத்தான் அதிகம் அவிழ்த்திருக்கிறேன். முதலில் எஞ்சினை மறந்துவிட்டு, அது ஏன் கொதிக்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். மூன்று ஆண்டுகளில் இரண்டு கஸ்கெட் போயிருந்தால் பழுது கஸ்கெட்டில் இல்லை. அந்தக் காரணம் வண்டியிலேயே இருக்குமானால், அதன்மேல் எந்த எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தாலும் அதுவும் கொதிக்கும். அதுவும் பெரிய எஞ்சின் கூடுதல் டீசலை எரிப்பதால் றேடியேற்றருக்குக் கூடுதல் வெப்பத்தையே தள்ளும்.

தம்புள்ளைப் பக்கத்துக் கிணற்று நீர் கடினமானது. அங்கே தண்ணீர் குறைந்த வேளையில் அந்த நீரையே றேடியேற்றரில் ஊற்றும் பழக்கம் உங்கள் தடத்தில் ஓடும் பலருக்கு இருக்கிறது. அது குழாய்களின் உள்ளே சுண்ணாம்புப் படிவாகக் கட்டிக்கொள்ளும். றேடியேற்றரைக் கழற்றி, மேல் தொட்டியைத் திறந்து எத்தனை குழாய்கள் அடைபட்டிருக்கின்றன என்று கண்ணால் பாருங்கள். அடுத்து, விசிறியின் நடுவிலுள்ள விஸ்கஸ் கப்ளிங். சூடான எஞ்சினை நிறுத்திய உடனே விசிறியைக் கையால் சுழற்றிப் பார்க்கையில் தடையின்றி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால், அதன் உள்ளே இருக்கும் சிலிக்கோன் எண்ணெய் கசிந்து போய்விட்டது என்று பொருள். ஏற்றத்தில் மெதுவாக வரும் வண்டிக்குக் காற்றைத் தருவது அந்த விசிறிதான். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மறைப்பு உடைந்தோ கழற்றப்பட்டோ இருந்தால் அதையும் மீண்டும் பொருத்த வேண்டும்.

இப்போது எஞ்சினுக்கு வருகிறேன். 2எல், 3எல், 5எல் மூன்றும் ஒரே குடும்பம். 2எல்லின் சிலிண்டர் விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் 92 மில்லிமீற்றர். 3எல்லில் இரண்டும் 96, ஆகவே 2779 சிசி. 5எல்லில் ஓட்டம் அதே 96, விட்டம் 99.5, ஆகவே 2986 சிசி. வெளி உடம்பு ஏறக்குறைய ஒன்றே என்பதால், உங்கள் கியர் பொக்ஸின் முன்கூட்டிலுள்ள போல்ட் துளைகளும் எஞ்சின் தாங்கிகளும் வெட்டு ஒட்டு இன்றிப் பொருந்தும். சசியில் ஒரு வெல்டிங் கூட வைக்கத் தேவையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் 3எல் அல்லது 5எல் என்று சொல்வேன்.

ஆனாலும் எங்கிருந்து கழற்றிய எஞ்சின் என்பதைக் கேளுங்கள். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு வரும் எல் எஞ்சின்களில் பல ஹையேஸ் வேன்களிலிருந்து வந்தவை. அவற்றின் எண்ணெய்த் தொட்டி, அதன் உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாய், மனிஃபோல்ட், தாங்கிகள் ஆகியவற்றை உங்கள் எஞ்சினில் உள்ளவற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை உங்கள் பழையதிலிருந்து எடுத்து மாற்ற நேரிடும். ஆகவே புதிய எஞ்சின் ஓடித் தேறும்வரை பழைய எஞ்சினை இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பைஸிக்கல் பம்பைப் போல எதையும் மாற்றி மாற்றிப் போடலாம் என்று நினைப்பவர்கள் டீசல் பம்பில்தான் பிழை விடுகிறார்கள். 3எல்லுக்கு 3எல்லின் பம்பே இருக்க வேண்டும். உங்கள் 2எல் பம்பை அதில் பொருத்தி டீசலைக் கூட்டித் திருகினால், ஓடும், ஆனால் நீங்கள் செலவழித்த பணத்துக்கான இழுவை வராது. பம்பைப் பொருத்தும்போது டயல் கேஜ் வைத்து டைமிங் பார்க்கும் கராஜாகத் தேடிப் பிடியுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சூடாக்கித் தரும் க்ளோ பிளக்கையும் கவனியுங்கள். இந்த வரிசையில் 6 வோல்ட் பிளக்கும் உண்டு, 12 வோல்ட் பிளக்கும் உண்டு. 6 வோல்ட் பிளக்கை உங்கள் வண்டியின் பழைய ரிலேயில் அப்படியே கொடுத்தால் இரண்டு காலைகளில் எரிந்துபோகும்.

வாங்கும் முன் கம்பிரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நல்ல எஞ்சினில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ அளவில் இருக்கும், 20 க்குக் கீழே போனால் அது ஓவர்ஹோல் செய்ய வேண்டிய எஞ்சின். அளவு சற்றுக் குறைந்தாலும் நான்கு சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 5 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஹெட்டைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால் கழற்றிப் பாருங்கள். இந்த ஹெட்கள் சூடேறினால் இரண்டு வால்வுகளுக்கு நடுவே வெடிக்கும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மேலே வெண்கட்டித் தூள் பூசிக் கால் மணி நேரம் விட்டால், வெடிப்பு இருக்குமிடத்தில் தூள் நனைந்து மயிரிழை போன்ற கறுப்புக் கோடு தெரியும். அதன் பிறகும் பிரஷர் சோதனைக்குக் கொடுப்பது நல்லது.

ஹெட்டைத் திரும்ப வைக்கும்போது கஸ்கெட்டின் தடிப்பு முக்கியம். இந்த எஞ்சின்களுக்கு மூன்று தடிப்புகளில் கஸ்கெட் உண்டு. பி, டி, எஃப் என்ற எழுத்து அதன் மேலேயே இருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது புளொக்கின் மட்டத்துக்கு மேலே எவ்வளவு எழும்புகிறது என்று அளந்துதான் எதை வைப்பது எனத் தீர்மானிக்க வேண்டும். கடையில் கையில் அகப்பட்டதை வைத்துப் பூட்டுவது உங்கள் முன்னைய இரண்டு கஸ்கெட்டும் போனதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். டைமிங் பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும்.

1எச்இசட் பற்றிக் கேட்டீர்கள். அது ஆறு சிலிண்டர், 4164 சிசி. நீளத்தாலும் எடையாலும் உங்கள் வண்டியின் முன்பகுதிக்கு உரியதல்ல. அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

மலைப்பாதை எழுதியது:

மேலே ஐயா எழுதியவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் டேர்போ பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் இதே போன்ற ஒரு வண்டிக்கு 1கேஇசட்-டிஇ பொருத்தி ஐந்து ஆண்டுகள் ஓட்டினேன்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று, கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. டேர்போ இல்லாத எஞ்சினுக்குள் அந்த அளவுக்குக் காற்றுக் குறைவாகவே போகும், பம்ப் அனுப்பும் டீசல் மட்டும் குறையாது. நண்பர் கண்ட கரும்புகையில் ஒரு பகுதி இதனால்தான். 2எல்லிலிருந்து 3எல்லுக்கு மாறினால் கொள்ளளவு ஏழில் ஒரு பங்கு கூடுகிறது, 5எல் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அதாவது மலை உச்சியில் 5எல் செய்யும் வேலை, உங்கள் 2எல் கொழும்பில் செய்திருக்கக்கூடிய வேலைக்குச் சமம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். டேர்போ அந்த மெலிந்த காற்றை அழுத்தி உள்ளே தருகிறது. 1கேஇசட் 2982 சிசிதான் என்றாலும், இழுவையில் 3எல்லைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. றம்பொடையில் மூன்றாவது கியரில் சுமையோடு ஏறியபோது எனக்கிருந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

இதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். கியர் பொக்ஸோடு முழுத் தொகுதியாக வாங்கினேன், ஏனெனில் பழைய கியர் பொக்ஸ் அந்த இழுவைக்கு உரியதல்ல. புதிய கியர் பொக்ஸின் நீளம் வேறு என்பதால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்தி, புரப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி, கடைசலில் கொடுத்துச் சமன் செய்ய வேண்டியிருந்தது. எஞ்சின் தாங்கிகளைப் புதிதாக வெல்டிங் செய்தோம். இது கணினியால் கட்டுப்படுத்தப்படும் பம்ப். ஆகவே கணினிப் பெட்டி, எல்லா சென்ஸர்கள், வெட்டப்படாத வயரிங் தொகுதி, முடுக்கிப் பெடலோடு சேர்ந்த பாகங்கள் ஆகியவை ஒரே வண்டியிலிருந்து வந்திருக்க வேண்டும். எனக்கு வந்த வயரிங் தொகுதியை யாரோ நடுவில் அறுத்திருந்தார்கள். அதை ஒவ்வொரு கம்பியாக நிறம் பார்த்து ஒட்டி முடிக்கப் பதினொரு நாட்கள் ஆயின. வண்டி மொத்தமாக ஏழு வாரங்கள் நின்றது.

இன்னொன்று: 1கேஇசட்டின் ஹெட் வெப்பத்தைப் பொறுக்காது. ஒருமுறை நன்றாகக் கொதித்தால் வெடித்துவிடும் என்பது அதை வைத்திருந்த எல்லோரும் அறிந்தது. என்னுடையது நான்காம் ஆண்டில் வெடித்தது. எனவே வாரத்தில் நான்கு நாள் ஓடி உழைக்க வேண்டிய வண்டிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொரு வண்டி கையில் இருந்து, இதை ஆறுதலாகச் செய்ய நேரமும் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

பதிவுப் புத்தகம் எழுதியது:

எஞ்சின் வேலை பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, நான் பார்ப்பது வாகனக் காப்புறுதிக் கோரிக்கைகள். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் சிலிண்டர் கொள்ளளவும் எழுதப்பட்டுள்ளன. எஞ்சின் மாறினால் இரண்டும் மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து, பரிசோதகரிடம் வண்டியைக் காட்டிச் சான்றிதழைத் திருத்திப் பெறாமல் ஓட்டினால், விபத்து நடக்கும் நாளில்தான் அதன் பாரம் தெரியும். அன்று காப்புறுதி நிறுவனத்தின் அதிகாரி முதலில் பார்ப்பது சான்றிதழில் உள்ள இலக்கமும் புளொக்கில் உள்ள இலக்கமும் ஒன்றா என்பதைத்தான்.

ஆகவே எஞ்சினை வாங்கும் கடையில் எஞ்சின் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டையும், அது இறக்குமதியானதற்கான சுங்க ஆவணத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். புளொக்கில் இலக்கம் இருக்கும் இடத்தில் அரத்தால் தேய்த்த அடையாளமோ, எழுத்துகளின் ஆழத்தில் வித்தியாசமோ இருந்தால் அந்த எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வேண்டாம். வண்டி லீசிங்கில் இருந்தால் சான்றிதழில் முழுமையான உரிமையாளராகப் பதியப்பட்டிருக்கும் நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் முதலில் தேவை. காப்புறுதி நிறுவனத்துக்கும் தனியாகக் கடிதம் கொடுங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது என்பதால், டீசலை அளவுக்கு மீறிக் கூட்டி இழுவை தேடும் எண்ணம் அங்கேயும் பிடிபடும்.

கம்பளை கராஜ் எழுதியது:

இறக்கத்தைப் பற்றி எழுத மறந்துவிட்டேன், அது ஏற்றத்தைவிட முக்கியமானது. பெரிய எஞ்சின் போட்டதும் மனம் இன்னும் பத்து மூட்டை ஏற்றச் சொல்லும். எஞ்சின் மாறியதால் சசியோ, பின் அச்சோ, வில்லுத் தகடுகளோ, பிறேக்கோ மாறிவிடவில்லை. பதிவில் உள்ள மொத்த எடையே உங்கள் எல்லை. நுவரெலியாவிலிருந்து சுமையோடு கம்பளைக்கு இறங்குகையில் பின் அச்சுக்கு மேலே இருந்து, சுமைக்கேற்பப் பின் பிறேக்கின் அழுத்தத்தை மாற்றும் சுமையுணர் வால்வு ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். பழைய வண்டிகளில் அதன் கம்பி துருவேறி இறுகிக் கிடக்கும், அல்லது யாரோ கழற்றி நேர்க் குழாய் போட்டிருப்பார்கள். முன் டிஸ்க்குகளின் தடிப்பை அளந்து, பின் ட்ரம்களைத் திறந்து பாருங்கள். பெரிய சிலிண்டர்கள் எஞ்சின் பிடிப்பையும் கொஞ்சம் கூட்டித் தரும், ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

இந்த எஞ்சின்களில் பிறேக் மிதிக்குப் பலம் கூட்டும் சேர்வோவுக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தருவது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் சிறிய பம்ப். அதற்கு எஞ்சினிலிருந்து எண்ணெய் போகும் குழாயும் திரும்பும் குழாயும் உண்டு. எஞ்சினை மாற்றும்போது பழைய ரப்பர் குழாய்களையே திரும்ப மாட்டிவிடுவார்கள். அவற்றைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

கந்தப்பளை மரக்கறி எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணன்மார் இருவருக்கும் என் நன்றி. மூன்று மாதங்கள் கழித்து எழுதுகிறேன். உங்கள் பதில்களை அச்செடுத்து வண்டிக்குள் வைத்திருந்தேன், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்துப் படித்தேன்.

முதலில் றேடியேற்றரைக் கழற்றினோம். மேல் தொட்டியைத் திறந்தபோது வலப்பக்கக் குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளைப் படிவால் மூடிக் கிடந்தன. ஈர்க்குக்கூட நுழையவில்லை. விஸ்கஸ் கப்ளிங் செத்திருந்தது. இரண்டையும் சரி செய்து ஒரு வாரம் ஓடியபோது முள் ஏறுவது வெகுவாகக் குறைந்தது. இத்தனை ஆண்டுகள் நான் எஞ்சினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் காலையில் வெண்புகை நிற்கவில்லை. கம்பிரெஷன் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் 17 தான் காட்டியது. எனவே எஞ்சினை மாற்றுவதென்றே முடிவு செய்தேன்.

1கேஇசட் ஆசையை ஏழு வாரம் என்ற ஒரு சொல்லே அடக்கிவிட்டது. 5எல் தேடினேன், கிடைத்த இரண்டுக்கும் சுங்க ஆவணம் தர முடியாது என்றார்கள். பஞ்சிகாவத்தையில் மூன்று கடைகள் ஏறி இறங்கி ஒரு 3எல் எடுத்தேன். முதலில் பார்த்ததன் தண்ணீர் வழியில் விரலை விட்டபோது விரல் செந்நிறத் துருவோடு வந்தது, அதை விட்டுவிட்டேன். எடுத்த எஞ்சினின் ஹெட்டை என் முன்னாலேயே கழற்றி, ஐயா சொன்னபடி மண்ணெண்ணெயும் வெண்கட்டியும் பூசினோம். கோடு ஏதும் வரவில்லை. பிஸ்டன் எழும்பும் அளவைப் பார்த்து டி கஸ்கெட் வைத்தார்கள். ஹையேஸ் எஞ்சின் என்பதால் எண்ணெய்த் தொட்டியும் உறிஞ்சு குழாயும் என் பழையதிலிருந்தே போயின. பிளைவீலும் கிளச்சும் 3எல்லுக்குரியவையாகவே வாங்கினேன், தட்டு என் கியர் பொக்ஸின் தண்டில் தடையின்றி நுழைந்தது. மொத்தம் ஒன்பது நாட்கள் வண்டி நின்றது. பின் சுமையுணர் வால்வின் கம்பி உண்மையாகவே துருவில் இறுகியிருந்தது. அதற்கும் ட்ரம்களுக்கும் ஆன செலவு நான் எதிர்பாராதது, ஆனால் செய்ததில் மகிழ்ச்சி.

இப்போது புசல்லாவையிலிருந்து றம்பொடை வரையில் பெரும்பகுதி மூன்றாவது கியரில் ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் இரண்டாவது. முள் நடுவுக்கு மேலே போவதில்லை. நுவரெலியாவுக்கு அருகே வரும்போது புகை இன்னும் கொஞ்சம் கறுக்கிறது, அது காற்றால் வருவதென்று இப்போது விளங்குகிறது. புகைப் பரிசோதனையில் தேறிவிட்டது. டீசல் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. திணைக்களத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்கிறேன், காப்புறுதிக்குக் கடிதம் கொடுத்து அதன் பிரதியில் முத்திரை வாங்கிவிட்டேன்.

ஒரே ஒரு தவறு நடந்தது. வெற்றிடப் பம்பின் திரும்பு குழாயை மாற்றச் சொல்லியிருந்தும் பழையதையே மாட்டிவிட்டார்கள். ஆறாவது நாள் மாத்தளையில் நிறுத்தியபோது ஆல்டர்னேட்டருக்குக் கீழே எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. குழாயை வளைத்துப் பார்த்தபோது கவ்விக்கு அருகே விரல் நகத்தளவு வெடிப்பு. எண்ணெய் அளவுகோல் கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருந்தது. அங்கேயே புதுக் குழாய் வாங்கி மாற்றி, எண்ணெய் நிரப்பிவிட்டுத்தான் புறப்பட்டேன். இதே வேலையைச் செய்யப் போகிறவர்கள் எஞ்சின் உள்ளே இறங்கும் முன், அந்தக் குழாயைத் தங்கள் கையாலேயே தொட்டுப் பாருங்கள். இறங்கிய பிறகு அந்த இடத்துக்குக் கை எட்டாது.